நம்மாத்துக் காபி

"பருப்பை மாத்தினே, சரின்னேன். எண்ணெயை மாத்தினே, வாயே திறக்கலை. காபிப் பொடியில மட்டும் கை வைக்காதே ஹம்சினி!"

சுந்தரராமனின் குரல் மாட வீதி வரைக்கும் கேட்டிருக்கும். போன மாதம்தான் அந்த வீட்டுக்கு மருமகளாக வந்திருந்த ஹம்சினி அசரவில்லை.

"அப்பா, காபி விக்கற விலையைப் பாருங்கோ. சூப்பர் மார்க்கெட்காரன் சொந்தமாப் போடற பொடி பாதி விலைதான். அம்மா ரெண்டையும் குடிச்சுப் பார்க்கட்டும். எது உசத்தின்னு சொல்றாளோ, இனிமே அதுதான்."

"தாராளமா! ஜானு நாக்கு பொய் சொல்லாது" என்றார் அவர், மனைவியைப் பெருமையாகப் பார்த்து.

சும்மா சொல்லக் கூடாது, அது அப்படிப்பட்ட நாக்குதான். ஒரு பருப்பை வாயில் போட்டு மென்றாலே அது புதுசா பழசா என்று ஜானு சொல்லிவிடுவாள். விலைவாசி ஏறியதிலிருந்து ஹம்சினி தேடித் தேடி வாங்கி வந்த மலிவுச் சரக்கெல்லாம் அந்த நாக்கில் தேறிய பிறகுதான் டப்பாவுக்குள் போயிற்று.

"இன்னிக்கு நீங்க அடுக்களைப் பக்கமே வரப்படாது" என்று மாமியாரைக் கூடத்தில் உட்கார வைத்தாள் ஹம்சினி. இரண்டு ஃபில்டரில் இரண்டு பொடியையும் போட்டு, டிகாக்‌ஷன் இறங்கியதும் இரண்டு டம்ளரில் காபி கலந்து எடுத்து வந்தாள். எது எந்தப் பொடி என்று அவளுக்கு மட்டும்தான் தெரியும்.

ஜானு முதல் டம்ளரில் ஒரு வாய் குடித்தாள்.

"இது நம்மாத்துக் காபி. தூக்கத்துல கொடுத்தாலும் சொல்லிடுவேன்."

இரண்டாவதைக் குடித்ததும் அவள் முகமே மலர்ந்துவிட்டது.

"அடேயப்பா! என்னமா இருக்கு! இப்படி ஒரு காபியை நான் குடிச்சதே இல்லை. ஏன்னா, பிடிவாதம் பிடிக்காம இந்தப் புதுப் பொடிக்கே மாறிடுங்கோ."

சுந்தரராமனின் முகம் தொங்கிப் போயிற்று. ஹம்சினிக்குத்தான் தர்மசங்கடம்.

"அம்மா... முதல்ல குடிச்சேளே, அதுதான் சூப்பர் மார்க்கெட் பொடி. இது நம்மாத்துப் பொடி."

சுந்தரராமன் தொடையைத் தட்டிச் சிரித்தார். "அசடே! கல்யாணமான நாள்லேர்ந்து தினம் ரெண்டு வேளை குடிக்கற காபி. அது கூடவா தெரியலை உனக்கு?"

ஜானு இன்னும் அந்த இரண்டாவது டம்ளரைக் கீழே வைக்கவில்லை.

"எனக்கு எப்படித் தெரியும், சொல்லுங்கோ? முதல் டிகாக்‌ஷன் உங்களுக்கும் பிள்ளைக்குமே சரியாப் போயிடும். அதே பொடியில மறுபடி வெந்நீரை விட்டு எறக்கறதைத்தானே நான் இத்தனை வருஷமா குடிச்சுண்டிருக்கேன்!"