முன்னால் போன வண்டி

“முன்னாடி வண்டி போச்சா?”

எழுதப்போன பேனாவை நிறுத்திவிட்டு நிமிர்ந்து பார்த்தார் டாக்டர் சுஜாதா.

“ஆமா மேடம்!” சௌகத் அலியின் நெஞ்சு இரண்டு அங்குலம் விரிந்தது. “தெனம் காலைல சதுரங்கப்பட்டினத்துலேர்ந்து மாமல்லபுரம் ரோட்டுல பத்து கிலோமீட்டரு. முட்டை வியாபாரம் பண்ற எம் மாப்ள ஃபர்தீன் டி.வி.எஸ்.ல முன்னாடி போவாரு. எம் பொண்ணு ஸ்கேட்டிங் ஷூ மாட்டிகினு பின்னாடியே வருவா. எந்தப் புருஷன் மேடம் பொண்டாட்டிக்கு இப்படி வழி காட்டுவான்?”

பக்கத்தில் நின்ற ஃபர்தீன் தரையைப் பார்த்தான். அவன் மனைவி அர்வா ஜன்னலைப் பார்த்தாள்.

வெளியே செங்கல்பட்டு மைதானத்தில் மழை கொட்டிக்கொண்டிருந்தது. மாநில ஸ்கேட்டிங் அணியில் பெண்களுக்கு ஒரே ஓர் இடம்தான் பாக்கி. அதற்கான பந்தயம் மழையில் நின்றுபோனதால், போனில் பதிவான மூன்று மாதப் பயிற்சி நேரத்தைப் பார்த்து ஆளைத் தேர்ந்தெடுப்பது என்று முடிவாகியிருந்தது. வீரர்களின் உடல்திறனை அளந்து சொல்லும் டாக்டர் சுஜாதாவின் கையில்தான் அந்தப் பட்டியல் இருந்தது.

“அர்வா, நீ குனிஞ்சு ஓட்டுறப்ப முழங்கால் மடங்குற கோணம் அருமை. காதுல குத்தி ரத்தம் எடுத்தோமே, லாக்டேட் அளவும் நல்லா இருக்கு. சீக்கிரம் கால் சோர்ந்து போற உடம்பு இல்ல உன்னுது. பத்து கிலோமீட்டர், இருபது நிமிஷம். அதைப் பார்த்துட்டுதான் உன் பேரை எழுத வந்தேன்.”

“எழுதுங்க மேடம், எழுதுங்க!” என்றார் சௌகத் அலி.

“முடியாது சார். இது உங்க பொண்ணோட டைம் இல்ல. வண்டியோட டைம்.”

“இன்னா மேடம் சொல்றீங்கோ? வண்டி அவளை இழுத்துகினா போச்சு?”

“கிட்டத்தட்ட அப்படித்தான். இந்த வேகத்துல போறப்ப உடம்பு போடுற உழைப்புல பெரும்பங்கு காத்தைத் தள்ளுறதுக்கே போயிடும். முன்னாடி ஒருத்தர் போனா காத்தை அவர் வாங்கிக்குவார். பின்னாடி வர்றவங்களுக்குச் சுலபம். இன்னொரு ஸ்கேட்டர் போனாலே அப்படி. வண்டின்னா கேக்கவே வேணாம்.”

சௌகத் அலியின் நெஞ்சு பழைய அளவுக்கு வந்தது. மெல்ல மருமகன் பக்கம் திரும்பினார்.

“இன்னா மாப்ள இது? நீ முன்னாடி போனதுதான் தப்பாமே! ‘நான் முன்னாடி போவலேன்னா ரோட்டுல தடுமாறிப்பூடுவா மாமா’ன்னு நீதானே சொன்ன? நானும் அதை நம்பி, போன கல்யாண வூடெல்லாம் சொல்லிகினு திரிஞ்சேனே!”

ஃபர்தீனின் காது மடல்கள் சிவந்தன.

“அவரை ஒண்ணும் சொல்லாதீங்க அத்தா” என்றாள் அர்வா.

“ஒண்ணும் சொல்லக் கூடாதா? நாலு மணிக்கு எந்திரிச்சு, சோத்தைக்கூட அளந்து துன்னு, கஷ்டப்பட்டவ நீ. உன் சான்ஸைக் கெடுத்துட்டு சிலையாட்டம் நிக்கிறான் பாரு!”

டாக்டர் சுஜாதாவுக்கும் மனசு கேட்கவில்லை. “ஏம்மா, நான் சொன்னதுல தப்பு ஏதாவது இருந்தா சொல்லலாம். இன்னும் நான் எழுதல.”

அர்வாவின் உதடு பிரிந்தது. கணவனை ஒரு தரம் பார்த்தாள். உதடு மூடிக்கொண்டது.

“ஒண்ணுமில்ல மேடம். அடுத்த வருஷம் வர்றேன்.”

சொல்லிவிட்டுக் குனிந்து ஸ்கேட்டிங் ஷூவைப் பைக்குள் வைத்தாள். கைகள் மெதுவாகத்தான் வைத்தன. ஜிப்பை இழுக்க மட்டும் இரண்டு தரம் முயற்சி செய்ய வேண்டியிருந்தது.

டாக்டர் பட்டியலைப் பக்கத்தில் இழுத்து, அடுத்த பெண்ணின் பெயரைத் தேடினார்.

“மேடம், ஒரு நிமிஷம்.”

ஃபர்தீன்தான்.

“வேணாம் மச்சான்” என்றாள் அர்வா, தாழ்ந்த குரலில். “அத்தா இருக்காங்க.”

“இருக்கட்டும். கேக்கட்டும்.” அவன் சட்டைப் பையிலிருந்து போனை எடுத்து மேஜையில் வைத்தான். “அவ போன்ல இருக்கிற அதே ஆப்தான் மேடம். தெனம் என் போன்லயும் ஓடிகினுதான் கீது. பாருங்க.”

டாக்டர் அர்வாவின் போனையும் வாங்கி, இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துக்கொண்டு விரலால் தள்ளித் தள்ளிப் பார்த்தார். புருவம் உயர்ந்தது.

“அதே தேதி. அதே ரோடு. ரெண்டு பேரும் ஒரே நேரத்துல கிளம்பியிருக்கீங்க. ஆனா இதுல இருபத்தாறு நிமிஷம்... இருபத்தேழு... இன்னொரு நாள் இருபத்தொம்பது. யாரோட டைம் இது?”

“என் வண்டியோட டைம் மேடம்.”

சௌகத் அலி புரியாமல் விழித்தார். ஃபர்தீன் அன்று முதல்முறையாகத் தலையை நிமிர்த்தி, மாமனாரை நேராகப் பார்த்தான். வெட்கம் போன இடம் தெரியவில்லை.

“முன்னாடி போறேன்னு வூட்ல சும்மா அளந்து வுட்டேன் மாமா. நான் பின்னாடி முட்டை லோடு கட்டிகினு உருட்டிகினு வர்றதுக்குள்ள, உங்க பொண்ணு மாமல்லபுரத்துல ஷூவைக் கழட்டி வெச்சிட்டு, எனக்கும் சேர்த்து டீ வாங்கிகினு நிப்பா!”