முழு மார்க் வாங்கிய கடிதம்

தபாலில் மூன்று மனு போட்டும் புளியங்கொல்லைக்குப் பஸ் வரவில்லை. பிரசவ வலி கண்ட மங்கம்மாளைப் போன வாரமும் டோலி கட்டித்தான் மலையிலிருந்து இறக்கினார்கள்.

“நீ சரியா எழுதலியா, இன்னா?” என்றார் சின்னராசு, அவளோடு ஆபீசுக்கு நடந்து களைத்து.

“பஸ் கேட்டு எழுதின கடிதத்துக்குத்தான் எஸ்.எஸ்.எல்.சி.யில முழு மார்க்கு, மாமா. அதையேதான் அனுப்பினேன்” என்றாள் செந்தாமரை. ஊரில் அந்தப் பரீட்சை தேறியவள் அவள் ஒருத்திதான்.

ஜமுனாமரத்தூர் தாலுகா ஆபீசில் அவளுடைய நாலாவது மனுவைப் பார்த்ததும் குமாஸ்தா நிமிர்ந்தார். பீரோவிலிருந்து அதே கையெழுத்தில் மூன்று தாள்களை எடுத்துப் போட்டார்.

“நீதானாம்மா அது? மொத மனுவப் படிச்சதுமே பெரிய ஐயா பஸ் வுடச் சொல்லிட்டாரு.”

“அப்புறம் ஏங்க வரல?”

“‘எங்க ஊருக்கு, எங்க ஊருக்கு’ன்னே எழுதினா? மலைமேல பஸ் இல்லாத ஊரு நாப்பது இருக்குது. எந்த ஊருக்கும்மா வுடறது?”

நாலு தாளிலும் அனுப்புநர் ஒன்றுதான்: அஅஅ, ஆஆஆ ஊர்.

சின்னராசு பெஞ்சில் உட்கார்ந்துவிட்டார். “ஊரு பேரு எழுதலியாம்மா?”

“நெஜப் பேரு, ஊரு எழுதினா பெயிலாக்கிடுவாங்க, மாமா.”