வண்டியில் உட்கார்ந்த நேரம்

"வண்டிக்குள்ள சும்மா உட்கார்ந்திருந்ததுக்கு நாலு மணி நேரமா? இதுக்குப் பேர் தொண்டா?"

லீடியா கேட்ட கேள்வியில், தேவாலயத்தின் கீழ்த்தளத்தில் கரண்டிச் சத்தம் நின்றது.

மலைப்பாதைச் சங்கத்தின் ஆண்டுக் கடைசி விருந்து. அமெரிக்காவின் வெர்மான்ட் மலையில் வருடம் முழுக்க விழுந்த மரம் அறுத்தவர்கள், வடிகால் வெட்டியவர்கள் எல்லாரும் பீன்ஸ் சூப்பும் சோள ரொட்டியுமாக உட்கார்ந்திருந்தார்கள். அவரவர் உழைத்த நேரத்தைக் கூட்டி வனத்துறைக்கு அனுப்புவது இந்த வருடம் லீடியாவின் பொறுப்பு. கல்லூரி மாணவி. கணக்கில் யாருக்கும் சலுகை கிடையாது என்பாள்.

"நாலு மணி நேரம்தான். நான்தான் எழுதினேன்," என்றார் ஹார்லன்.

ஓய்வுபெற்ற பல் டாக்டர். முழங்கால் போனதிலிருந்து மேலே ஏறுவதில்லை. அடிவாரத்தில் ரம்பங்களுக்குச் சாணை பிடிப்பார், காட்டுச் சாலைக் கேட்டைத் திறந்து பூட்டுவார்.

"உட்கார்ந்து என்ன பண்ணீங்க?"

"ரேடியோவில பேஸ்பால் கேட்டேன்."

"யார் ஜெயிச்சாங்க டாக்டர்?" என்று ஒரு குரல் சீண்டியது.

"நம்ம பசங்க தோத்துட்டாங்க. அதைக் கேட்டுக்கிட்டு உட்கார்ந்திருந்ததே பெரிய உழைப்பு."

எல்லாரும் சிரித்தார்கள். லீடியாவுக்குச் சிரிப்பு வரவில்லை.

"நாங்க சேத்துல நின்னு மண்ணு வெட்டினதும் இவர் மேட்ச் கேட்டதும் ஒண்ணா? வயசானவர்னு விட்டுக்கொடுத்தா, நிஜமா உழைச்சவங்களுக்கு அது அவமானம் இல்லையா?"

குழுத் தலைவி டோரீன் எழுந்தாள். "லீடியா, அது வந்து..."

ஹார்லன் அவள் கையைப் பிடித்து உட்கார வைத்தார். "ஜட்ஜம்மா கேட்கிறது நியாயம்தானே? அந்த வரியை அடிச்சிடும்மா."

லீடியா நோட்டில் அந்த வரியைப் பேனாவால் அடித்தாள். அந்த நாலு மணி நேரம் போனதும் வருடத்துக்கு வேண்டிய குறைந்தபட்ச நேரம் அவருக்கு எட்டவில்லை. எட்டாதவர்களுக்கு அடுத்த வருடம் குழுவில் இடமில்லை. ஹெல்மெட்டையும் சாவியையும் திருப்பித் தந்துவிட வேண்டும்.

ஹார்லன் மஞ்சள் ஹெல்மெட்டை மேசையில் வைத்தார். என்ன தோன்றியதோ, திரும்ப எடுத்து, கைக்குட்டையால் துடைத்து, பக்கத்தில் சாவியோடு வைத்தார்.

சாவியைப் பார்த்ததும் லீடியாவுக்கு இன்னொன்று நினைவு வந்தது.

"அக்டோபர்ல ஒரு நாள் நான் கடைசியா இறங்கி வந்தேன். நல்லா இருட்டிடுச்சு. கேட் ஆன்னு திறந்து கிடந்தது! எவன் வேணா உள்ளே போகலாம். சாவி யார்கிட்ட இருந்துச்சு?"

"என்கிட்டதான்."

"பார்த்தீங்களா!"

ஹார்லன் கோட்டை மாட்டிக்கொண்டார். "ரொட்டி பிரமாதம் டோரீன்," என்று சொல்லிவிட்டு ஒவ்வொரு படியாகக் கைப்பிடியைப் பிடித்து ஏறிப் போனார்.

விருந்து அதோடு கலைந்தது. டோரீன் பாத்திரம் கழுவ, லீடியா துடைக்கத் துண்டை எடுத்தாள்.

"என் மேல கோபமா? நியாயத்தைத்தானே கேட்டேன்?"

"அன்னைக்கு கேட்டைப் பூட்டியிருந்தா உன் கார் எப்படி வெளியே வந்திருக்கும்?"

லீடியா துடைத்துக்கொண்டிருந்த தட்டைக் கீழே வைத்தாள்.

"எல்லாரும் இறங்கி வீட்டுக்குப் போயாச்சு. கேட்டுக்கு உள்ளே, அடிவாரத்தில உன் கார் மட்டும் நின்னுச்சு. அதனால அவரும் நின்னார். நீ இப்ப அடிச்சியே, அந்த நாலு மணி நேரம் அந்தச் சாயங்காலம்தான்."

"நான் யாரையும் காத்திருக்கச் சொல்லலையே!"

"நீ யார்கிட்டயும் எதுவுமே சொல்லலையே. சொல்லாம மேலே தங்கினவங்களை அடுத்த வருஷம் மலையில விடக்கூடாது. அதுவும் விதிதான் தாயே. காரணத்தை எழுதுங்கன்னு தலையால அடிச்சுக்கிட்டேன். எழுதினா அந்தப் பொண்ணை அனுப்பிடுவீங்களேன்னார்."

அன்று சூரியன் மறைவதைப் பார்க்கத்தான் லீடியா நழுவி உச்சிப் பாறைக்குப் போயிருந்தாள். கேட்டைத் தாண்டும்போது மரத்தடியில் விளக்கணைத்த வண்டி ஒன்று நின்றது. யாரோ குடிகாரன் என்று நினைத்து, கார்க் கதவுகளைப் பூட்டிக்கொண்டு பறந்திருந்தாள்.

பாறையில் காலாட்டிக்கொண்டிருந்த அந்த நேரத்தைத் தன் கணக்கில் 'வடிகால் வேலை' என்று எழுதிக்கொண்டதும் அவள்தான்.

ஹெல்மெட்டையும் சாவியையும் அள்ளிக்கொண்டு படியேறி ஓடினாள். அவர் எப்போதோ போயிருப்பார் என்றுதான் நினைத்தாள்.

வெளியே பனி தூறிக்கொண்டிருந்தது. ஹார்லனின் வண்டி போகாமல் அங்கேயே நின்றது. உள்ளே ரேடியோ மெல்ல ஓடிக்கொண்டிருந்தது.

கண்ணாடி இறங்கியது.

"டாக்டர், நான்... அன்னைக்கு..." ஹெல்மெட்டையும் சாவியையும் உள்ளே நீட்டினாள்.

"முதல்ல உன் காரை எடும்மா, என் வண்டிக்குக் குறுக்கே நிறுத்தியிருக்க," என்றார் ஹார்லன். "இவ்வளவு நேரமும் உனக்காகத்தான் உட்கார்ந்திருக்கேன். பயப்படாதே, இதை எழுத மாட்டேன்."