மருந்துக் கிண்ணம்

"நெபுலைசர் கிண்ணத்தை வீட்டுல கடைசியா எதுல அலசுவீங்க?" என்று கேட்டார் டாக்டரம்மா.

"குழாய்த் தண்ணியில, டாக்டர். நான்தான் அலசுவேன்," என்றார் மாப்பிள்ளை.

தங்கைக்குப் பக்கத்தில் உட்கார்ந்திருந்த அக்காவுக்குச் சிரிப்பு வந்தது. இவர் அலசினாராம்.

வாய்தான் அவரை மாப்பிள்ளை என்று கூப்பிட்டது. தங்கையைக் கட்டிக்கொண்ட அந்த ஆளை அவள் மனசு ஒரு நாளும் ஒரு பொருட்டாக மதித்ததில்லை.

தங்கைக்கு இரண்டு சிறுநீரகமும் போனபோது இவருடையது பொருந்தவில்லை. அதிலும் உதவாக்கரை. விலாவைக் கிழித்துக் கொடுத்தவள் அக்காதான். கொடுத்த கையோடு, தங்கையைப் பார்த்துக்கொள்ள அவள் வீட்டிலேயே தங்கியும் விட்டாள்.

சின்ன வயதிலிருந்தே தங்கைக்கு இளைப்பு. தினமும் நெபுலைசர் வைத்து மருந்தைப் புகையாக இழுக்க வேண்டும். அந்தக் கிண்ணத்தைச் சுத்தம் செய்வது மட்டும் மாப்பிள்ளையின் பொறுப்பு. கொதிக்கிற தண்ணீரில் போடுவார். இடுக்கியால் எடுப்பார். அப்படியே துணிமேல் கவிழ்த்துவிட்டுப் போய்விடுவார்.

குழாயைத் திறந்து ஒரு தடவை அலசினால் கை தேய்ந்தா போய்விடும்?

அவர் நகர்ந்ததும் அக்கா அதை எடுத்துக் குழாயடியில் நன்றாக அலசி வைப்பாள். முணுமுணுத்துக்கொண்டேதான். அவர் காதில் விழட்டும் என்றுதான்.

போன வாரம் தங்கையின் விடாத இருமலுக்கு எடுத்த சளிப் பரிசோதனை முடிவை வாங்கப் போன மனுஷன் அரை நாள் கழித்து வந்தார். நர்ஸிடம் பேசிக்கொண்டிருந்தாராம். வீட்டில் வாய் திறக்காதவருக்கு வெளியே என்ன பேச்சோ. அன்று சாயங்காலத்திலிருந்து ஒரு புதுக் கூத்து. காய்ந்த கிண்ணம், காயாத கிண்ணம் எதுவானாலும் பீரோவில் வைத்துப் பூட்டிச் சாவியைச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டார். தங்கக் கிண்ணம் பாருங்கள்.

கடவுளிடம் அக்காவுக்கு ஒரு குறையும் இல்லை. இந்த ஆளைப் படைக்கும்போது கொஞ்சம் கவனமாக இருந்திருக்கலாம் என்பதைத் தவிர.

இப்போது டாக்டர் முன்னால் சுத்தக்காரர் வேஷம். போட்டு உடைக்க அவள் வாயைத் திறந்தாள்.

அதற்குள் டாக்டரம்மா பேனாவை மூடி வைத்தார்.

"அங்கதான் தப்பு நடந்திருக்கணும். இது டி.பி. இல்ல, அதுக்குத் தூரத்துச் சொந்தம். குழாய்த் தண்ணியில, மண்ணுல எல்லாம் இருக்கிற கிருமி. பெரும்பாலும் நம்மள ஒண்ணும் பண்ணாது. ஆனா வச்ச கிட்னி நிலைக்கணும்னு இவங்க எதிர்ப்புச் சக்தியை நாங்களே குறைச்சு வச்சிருக்கோம். அலசின கிண்ணத்துல தங்கி, மருந்தோட சேர்ந்து நுரையீரலுக்குப் போயிருக்கும். கொதிக்க வச்சதோட விட்டிருந்தா போதும்."

ஒரு வருஷத்துக்குக் குறையாமல் மாத்திரை என்றார். குணமாகிவிடும் என்று மட்டும் அவர் சொல்லவில்லை.

தங்கை தன் கணவர் பக்கம் திரும்பினாள். "ஒரு வேலை உருப்படியாத் தெரியுமா உங்களுக்கு?"

அக்கா அவரை வழக்கமாகக் கேட்பது அது.

மாப்பிள்ளை தலையைக் குனிந்துகொண்டார். விரல்கள் மட்டும் சட்டைப்பையில் இருந்த சாவியைத் தடவிக்கொண்டிருந்தன.

அந்தச் சாவியைப் பார்த்தபோதுதான் அக்காவுக்கு உறைத்தது. நர்ஸ் சொல்லி ஒரு வாரமாக அவருக்குத் தெரியும். இன்று சொன்ன பதிலை அவர் வீட்டிலேயே தயார் செய்துகொண்டு வந்திருக்கிறார்.

விலாவில் இருந்த தழும்பு சுருக்கென்றது.

"அவரைச் சொல்லாதடி," என்றாள். "அலசினது நான்."

"இவ அக்கா எப்பவும் இப்படித்தான், டாக்டர்," என்று மாப்பிள்ளை குறுக்கே புகுந்தார். "வீட்டுல யார் தப்புப் பண்ணாலும் தன் தலையில இழுத்துப் போட்டுக்குவாங்க."

தங்கை அதை நம்பிவிட்டாள். அக்காவின் வலது கையை எடுத்துத் தன் கண்ணில் ஒற்றிக்கொண்டாள். பிறகு, அந்தக் கையை விடாமலே, கணவரை ஏற இறங்க ஒரு பார்வை பார்த்தாள்.

அந்தப் பார்வை அக்காவுடையது.