ஜாப் ஒர்க்

வேலம்பாளையத்தில் பிரவுசிங் சென்டர் நடத்தும் அனிதாவுக்கு, தான் படித்த கல்லூரியின் புரோகிராம் அசைன்மென்டுகளைத் திருத்திக் கொடுப்பது உபரி வேலை. லெக்சரர் செல்வக்குமார் எல்லாவற்றையும் ஒரு சிடியில் போட்டுக் கொடுத்துவிடுவார்.

"பனியன் கம்பெனிக்காரங்க தைக்கறது, காஜா அடிக்கறதுன்னு எல்லாத்தையும் வெளியில குடுக்கறாங்க. நான் திருத்தறதக் குடுத்தா என்ன அம்மணி?" என்று முதல் நாளே சொல்லிவிட்டார்.

இன்று மார்க் வாங்க வந்தவர், திரையைப் பார்த்து முகம் சுளித்தார்.

"என்ன அம்மணி, எல்லாருமே பாஸா?"

"எல்லாமே சரியா ஓடுதுங்க சார்."

"ஒருத்தராச்சும் ஃபெயிலாகோணும். இல்லீன்னா நான் திருத்தவே இல்லைன்னு ஹெச்ஓடி கண்டுபுடிச்சுருவாரு."

அனிதா யோசிக்கவில்லை.

"அப்ப விஜயராணியப் போட்டுரலாங்க."

"ஏன், அந்தப் புள்ளையோடது ஓடலையா?"

"ஓடுதுங்க. ஆனா மத்ததுங்க மாதிரி இல்லீங்க."

"கலர் மாறுன பீஸாட்டவா? கழிச்சுரு."

அனிதா கழித்தாள்.

மறுவாரம் ஒரு பெண் கடை வாசலில் வந்து தயங்கி நின்றாள். கையில் அடுத்த அசைன்மென்டின் கேள்வித்தாள்.

"அக்கா, எம்பேரு விஜயராணி. போன தடவை நானே உக்காந்து எழுதி ஃபெயிலாயிட்டேன். கிளாஸ்ல மத்த எல்லாரும் உங்ககிட்டதான் எழுதி வாங்குனாகளாம். எனக்கும் எழுதித் தருவீகளா?"

அனிதா திரையிலிருந்து கண்ணை எடுக்கவில்லை.

"வெச்சுட்டுப் போ கண்ணு. இந்தத் தடவை பாஸாயிருவே."