ஓரத்துப் பெண்

புத்தக அட்டைகளுக்கு நகரங்களை வரைந்து கொடுப்பது மதுரவல்லியின் வேலை. அச்சானதும் அட்டையின் ஓரத்தை நகத்தளவு வெட்டி எறிந்துவிடுவார்கள் என்பதால், படத்தை அந்த அளவுக்குக் கூடுதலாக வரைய வேண்டும். வெட்டுப்பட்டுப் போகிற இடம்தானே என்று மற்றவர்கள் அங்கே வெறும் வண்ணத்தை இழுத்துவிடுவார்கள். அவள் மட்டும் அங்கே ஒரு பெண்ணை வரைவாள். தோளில் பையோடு ஊரைப் பார்த்தபடி நிற்கும் பெண். ஏன் வரைகிறோம் என்று தன்னைக் கேட்டுக்கொண்டதில்லை. பதினோரு வருடங்களாகக் கத்தி அந்தப் பெண்ணைத் தவறாமல் கொண்டுபோனது. இந்தத் தடவை மதுரவல்லி அவளை மேம்பாலத்தின் நடுவே நடக்கவிட்டாள்.

“யாரும்மா இது?” என்றார் பதிப்பாளர் சவரிராயன். அவளுக்கு வேலை கொடுப்பவர் அவர் ஒருவர்தான். “நாவல்ல இப்படி ஒரு பொம்பளையே கிடையாதே.”

“கிடையாதுதான் சார். இப்பத்தான் ஊருக்குள்ள வந்திருக்கா.”

“எழுதினவருக்கு நான் என்ன பதில் சொல்றது? எடுத்துடும்மா.”

“எடுக்க மாட்டேன் சார். வேணும்னா வேற ஆளை வச்சு வேற ஊரு வரைஞ்சுக்குங்க. இந்த ஊர்ல அவ இருப்பா.”

குரலை உயர்த்தாமல் இதைச் சொல்ல முடிந்தது அவளுக்கே புதிதாக இருந்தது. பிழைப்பு போய்விடலாம் என்று தெரிந்தும் எழுந்து நிற்கவோ, சமாதானமாக இரண்டு வார்த்தை சேர்த்துக்கொள்ளவோ தோன்றவில்லை.

சவரிராயன் படத்தை முகத்தருகே கொண்டுபோய் வெகுநேரம் பார்த்தார். பிறகு, அட்டையில் எழுத்துகளை அமைப்பவரைப் போனில் அழைத்தார்.

“தலைப்பைக் கொஞ்சம் மேல ஏத்துப்பா. அந்தம்மா தலையில இடிக்குது.”