முகத்தைக் காட்டும் வேலை

என் பெயரைக்கூடக் கேட்கவில்லை. நாற்காலியில் உட்கார்ந்ததுமே டாக்டர் ஸ்வர்ணலதா டார்ச் வெளிச்சத்தை என் இடது கன்னத்தில் அடித்தார்.

"எத்தன வருஷமா இருக்கு?"

"பருவா மேடம்? ப்ளஸ் டூ படிக்கும்போது வந்துச்சு. பரிட்சை முடிஞ்சா போயிடும்னாங்க. பரிட்சைதான் முடிஞ்சுது."

டாக்டர் சிரித்துவிட்டார். என் முகத்தைப் பார்த்துச் சிரித்தவர்கள் நிறைய. நான் சொன்னதைக் கேட்டுச் சிரித்தவர் இவர்தான்.

வந்த விஷயத்தைச் சொல்லிவிடலாம் என்று வாயைத் திறந்தேன். "வாய மூடிக்குங்க, தாடையப் பாக்கணும்" என்றார். மூடிக்கொண்டேன்.

சிதம்பரம் மேல வீதியில் அவர் கிளினிக் திறந்து கொஞ்ச நாள்தான் ஆகிறது. வாசலில் டோக்கன் கொடுக்கும் சவரியம்மாளிடம், "டோக்கன்லாம் வேணாம்மா, ரெண்டு நிமிஷ வேலைதான்" என்று சொல்லிப் பார்த்தேன். அந்த அம்மா என்னை ஏற இறங்கப் பார்த்தது. "இந்த மூஞ்சிக்கு ரெண்டு நிமிஷம் எப்பிடிப்பா பத்தும்?" என்று டோக்கனைக் கையில் திணித்துவிட்டது.

"என்ன வேலை பாக்குறீங்க?" என்றார் டாக்டர்.

"ஊர் ஊரா சுத்துற வேலை மேடம். சொந்த ஊரு குமராட்சி. காலையில கடலூரு, மத்தியானம் சிதம்பரம், எல்லாம் பைக்குலதான். மூஞ்சியக் காட்டிப் பொழைக்கிற பொழப்பு. 'இந்த மூஞ்சிய வச்சிக்கிட்டு நீ பேசுனா எவன்டா நம்புவான்'னு மேனேஜர் கேட்டுட்டாரு. இந்த மாசமும் தேறலன்னா வீட்டுக்குப் போவச் சொல்லிட்டாரு."

சொன்னதில் நடிப்பில்லை. கொள்ளிடத்தில் தண்ணீர் பெருகினால் எங்கள் வயலில் ஒன்றும் மிஞ்சாது, வீடு என் சம்பளத்தில்தான் ஓடுகிறது.

"அதுக்காக மாத்திரை எழுதணுமா?"

"எழுதுனீங்கன்னா பெரிய உதவி மேடம்."

"க்ரீம் மட்டும் போட்டுப் பாக்கலாமே. மாத்திரைன்னா ஆன்டிபயாடிக். கேட்டதும் தூக்கிக் குடுக்க முடியாது. வயித்தப் புரட்டும்."

"சாப்புட்டுட்டுப் போட்டா அவ்வளவா தெரியாது மேடம்."

"தொண்டையில ஒட்டிக்கிட்டா புண்ணாயிடும்."

"ஒரு டம்ளர் தண்ணி நெறைய குடிச்சிட்டு, உடனே படுக்காம இருந்தா ஒண்ணும் ஆவாது மேடம்."

டாக்டர் புருவத்தை உயர்த்தினார். "நல்லா படிச்சிட்டு வந்திருக்கீங்க."

"மனப்பாடமே பண்ணியிருக்கேன் மேடம்."

பள்ளிக்கூடத்தில் ஒரு செய்யுளைக்கூட இப்படி ஒப்பித்ததில்லை. மடியில் கனத்த பையைப் பெருமையாக இழுத்து வைத்துக்கொண்டேன்.

"சரி, வெயிலுக்கு என்ன பண்ணுவீங்க? நாள் பூரா பைக்குல போறீங்க. இந்த மாத்திரை போட்டா தோலு வெயிலத் தாங்காது. பரு போறதுக்குள்ள மூஞ்சி வெந்துடும்."

அதுவும் மனப்பாடத்தில் இருந்ததுதான். ஆனால் என் சொந்த முகத்தோடு சேர்த்து யோசித்தது இதுதான் முதல் தடவை. கன்னத்தைத் தொட்டுப் பார்த்துக்கொண்டேன்.

"இன்னொண்ணு. பருவுக்கெல்லாம் ஆளாளுக்கு இத முழுங்குனா கிருமி பழகிப்போயிடும். நாளைக்கு நெஜமாவே பெரிய நோவு வந்தா மருந்து கேக்காது. உங்களுக்கு மட்டுமில்ல, ஊருக்கே."

"அப்போ எழுத மாட்டீங்களா மேடம்?"

டாக்டர் என் கன்னத்தை விரலால் மெல்லத் தடவிப் பார்த்தார். முடிவெட்டுகிறவர்கூட என் கன்னத்தில் கை படாமல்தான் வேலையை முடிப்பார். எனக்கு அழுகை வந்துவிடும் போலிருந்தது.

"உள்ள கட்டி கட்டியா இருக்கு. குழி விழ ஆரம்பிச்சிருக்கு. இப்ப விட்டா தழும்பு நின்னுடும். அதனால உங்களுக்குக் கெடுதலவிட நல்லதுதான் ஜாஸ்தி, எழுதுறேன். ஆனா மூணு மாசம்தான், அதுக்கு மேல தொடக்கூடாது. க்ரீமும் சேத்துப் போடணும். வெயில்ல சன்ஸ்கிரீன் இல்லாம வண்டிய எடுக்கக்கூடாது. வயித்துக்கு ஒத்துக்கலன்னா உடனே வந்து சொல்லணும்."

"சரிங்க மேடம்."

"ஒரே வாரத்துல போயிடும்னு கண்ணாடியப் பாத்துக்கிட்டு நிக்காதீங்க, பொறுமை வேணும். இது ஒண்ணும் உங்க தப்பு இல்ல. மேனேஜருக்கும் அதச் சொல்லுங்க. பேரு?"

"செந்தமிழ்செல்வன்."

எழுதி நீட்டினார். இரண்டு கைகளாலும் வாங்கினேன். இத்தனை நாள் அலைச்சலில், நான் கேட்டு ஒரு டாக்டர் எழுதிக் கொடுத்தது இதுதான் முதல் முறை. கோயில் பிரசாதம் போல் கண்ணில் ஒற்றிக்கொள்ளத் தோன்றியது.

மாத்திரையின் பெயரைப் படித்தேன். சந்தோஷமெல்லாம் வடிந்துவிட்டது.

"ஏன் மூஞ்சி சுண்டிப்போச்சு? வேற ஏதாவது சந்தேகமா?" என்றார் டாக்டர்.

மெல்லப் பையின் ஜிப்பைத் திறந்தேன்.

"இதே மாத்திரைய விக்கத்தான் மேடம் நான் வந்தேன், இது வேற கம்பெனி, எங்க கம்பெனி பேரப் போட்டு எழுதுவீங்களா?"